மட்டியின் பிள்ளைப் பிராயம்

குளத்தூர் என்ற பெயருடன் தமிழ் நாட்டில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது எளிதல்ல. குளம் வெட்டி, அதன் கரையில் குடியேறி, குளத்தின் பெயரையே ஊருக்கும் சூட்டிவிட்டுப் போனவர்கள் நம் முன்னோர்கள். அவற்றுள் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள குளத்தூர் ஒரு வட்டத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது. ஆனால் வட்டத்தின் கச்சேரி மட்டும் கீரனூரில் இருக்கிறது! பெயர் ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருப்பது உலகத்துக்குப் புதிதல்லவாகையால் இதைப் பற்றி நாம் மேலும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாம் சொல்ல வந்தது அந்தப் பக்கத்துக் கண்மாய்ச் சேற்றில் வாழும் ஒரு வாயில்லாப் பிராணியைப் பற்றி.

கோடையில் புதுக்கோட்டைப் பக்கம் போனவர்கள் அங்கே நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருப்பார்கள். கண்மாயில் ஜலம் முழங்கால் அளவுக்கு வற்றியதும், ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாள் குறிக்கிறார்கள். விடியற்காலையில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து கரை நெடுக நிற்கிறார்கள். பெரியவர் ஒருவர் துண்டை வீசினாரோ இல்லையோ, அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கிவிடுகிறார்கள். ஊத்தா, கச்சா, வலை, கூடை. ஒன்றும் இல்லாதவர்களுக்கு வேஷ்டியும் சேலையும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் குரவையும் கையில் அகப்பட்டும் வழுக்கியும் போகின்றன. அன்று அந்த ஊர்களில் மீன் குழம்பு கொதிக்காத வீடு அநேகமாக இராது.

சென்ற சித்திரையில் குளத்தூருக்கு அருகில் ஒரு கண்மாயில் இந்த விழாவைக் காண, அவ்வூர் உபாத்தியாயராகிய நண்பர் ஒருவருடன் நாமும் போயிருந்தோம். பட்டணத்துக் கால்களாகையால் சேற்றில் இரண்டடி வைப்பதற்குள் எதன் மேலோ மிதித்து நிலை தடுமாறினோம். குனிந்து எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, இரண்டு ஓடும் இறுக மூடிக்கொண்ட ஒரு மட்டி. பக்கத்தில் ஒரு கிழவி தன் பேரனுடன் இதே மட்டிகளைத்தான் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் வாத்து வளர்க்கிறாளாம், அதற்குத் தீனி.

“இது எங்கிருந்து ஆத்தா வருது?” என்று கேட்டோம்.

“மட்டியா? அது புதுத் தண்ணியோட வரும் தம்பி. வாய்க்கால்ல தண்ணி ஏறி வருதுல்ல, அதோட வந்து சேரும்.”

“தண்ணியோட கல்லு மாதிரி உருண்டு வருமா அப்பத்தா?” என்று பேரன் சிரித்தான்.

கிழவி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், பதில் சொல்லவில்லை. ஆனால் பையன் கேட்டது நல்ல கேள்வி. மட்டிக்குக் காலில்லை, செதிலில்லை, நீந்தத் தெரியாது. தசையினாலான ஒரு நாக்குப் போன்ற பாதத்தை வெளியே நீட்டிச் சேற்றில் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துப் போகவேண்டும். ஒரு நாள் முழுதும் பிரயாசைப்பட்டாலும் சில முழத்துக்கு மேல் போகாது. அப்படிப்பட்டது, மனிதன் கையால் வெட்டிக் கரை கட்டி, மழை பெய்தால் நிரம்பி வெயிலடித்தால் வற்றும் ஒரு கண்மாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது? இந்தச் சிறு கேள்விக்கு விடை காண ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன என்றால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

முதலில் மட்டியின் குடித்தனத்தைச் சற்றே பார்ப்போம். நம் கண்மாய்களில் சாதாரணமாக அகப்படும் மட்டிக்கு விஞ்ஞானிகள் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலேஜில் பிராணி நூல் படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதன். பரீட்சைக்காக இதை மெழுகுத் தட்டில் வைத்து அறுத்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். வெளிப்புறம் கறுப்பும் பழுப்புமாக, பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். உட்புறத்தைத் திருப்பினாலோ, நீலமும் ரோஜா நிறமும் கலந்து வானவில் மாதிரி மின்னும். கொற்கைக் கடல் முத்துக்குப் பளபளப்புக் கொடுக்கும் அதே பொருள்தான் இதுவும். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மட்டிக்குள்ளேயே முத்து விளைவிக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள்.

மட்டி தன் உடம்பின் முன்பாதியைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் வெளியே நீட்டி நிற்கும். அந்தப் பின்முனையில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றின் வழியே ஜலம் உள்ளே போகிறது. மற்றொன்றின் வழியே வெளியே வருகிறது. நடுவே திரைச்சீலை போன்ற செவுள்கள். ஜலத்திலுள்ள பாசித்துகள், நுண்ணுயிர், அழுகிய இலைத் தூள் எல்லாம் அந்தச் செவுளில் தங்கிவிடும். அதுவே மட்டிக்கு ஆகாரம். வளர்ந்த மட்டி ஒன்று மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் ஜலத்தை இவ்வாறு வடிகட்டக்கூடும். ஒரு கண்மாயில் பத்தாயிரம் மட்டிகள் இருந்தால், சம்பளமில்லாமல், இரவு பகல் என்று பாராமல், குடி தண்ணீரைத் தெளிய வைக்கும் பத்தாயிரம் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நகரங்களில் இந்தக் காரியத்துக்கு யந்திரம் வைத்து, அதற்கு வரியும் வாங்குகிறார்கள்.

இனி மட்டியின் பிள்ளைகளைப் பற்றிய விருத்தாந்தம்.

ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹுக் என்று ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். தாமே கண்ணாடி தேய்த்து, பூதக் கண்ணாடிகள் செய்து, அகப்பட்டதையெல்லாம் அவற்றின் வழியே பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1695-ஆம் வருஷம் அவர் ஒரு நன்னீர் மட்டியைத் திறந்து, அதன் செவுளில் திணிந்திருந்த முட்டைகளைப் பூதக் கண்ணாடியில் வைத்தார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு குஞ்சு மட்டி பம்பரம் மாதிரி மெள்ளச் சுழன்றுகொண்டிருந்தது! அவரும், அவருடைய மகளும், படம் வரைய வந்த சித்திரக்காரரும் மாறி மாறி இரண்டு மணி நேரம் அந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தகப்பனும் மகளுமாக விஞ்ஞானம் பார்த்த அந்த மாலைப் பொழுதை நினைக்கும்போது நமக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

லேவன்ஹுக் பார்த்தது உண்மை. ஆனால் பிற்பாடு வந்த மேதாவிகள் அதைக் குழப்பிவிட்டார்கள். 1797-ஆம் வருஷம் ராத்கே என்னும் பண்டிதர் இதே குஞ்சுகளைப் பார்த்தார். தாய் மட்டி நீண்டிருக்கிறது. குஞ்சோ முக்கோணமாக, ஓட்டின் நுனியில் கொக்கியுடன் இருக்கிறது. தாயின் சாயல் சிறிதும் இல்லை. ஆகையால் இது மட்டியின் குழந்தையே அல்ல, மட்டியின் செவுளைப் பற்றித் தின்னும் ஒட்டுண்ணிப் பூச்சி என்று அவர் தீர்மானித்தார். அதற்கு அம்பு முனை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குளோகிடியம் என்று ஒரு பெயரும் இட்டார். பெற்ற பிள்ளைக்குத் தாயைப் பிடித்த வியாதி என்று பட்டம் கிடைத்தது! இந்த வழக்கு முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1832-இல் காருஸ் என்ற ஜெர்மானியர், முட்டை தாயின் வயிற்றிலிருந்து செவுளுக்கு வந்து சேருவதைக் கண்ணாரக் கண்டு சொன்ன பிறகே, குஞ்சுக்குத் தன் குலம் திரும்பக் கிடைத்தது. பூச்சிக்காக வைத்த பெயர் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் விஞ்ஞானிகள் மட்டிக் குஞ்சை குளோகிடியம் என்றுதான் அழைக்கிறார்கள்.

சரி, குஞ்சு தாயை விட்டு வெளியே போன பிறகு என்ன ஆகிறது? தொட்டியில் வைத்து வளர்த்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றமே மிஞ்சியது. எத்தனை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டாலும் சில நாளில் அவை மடிந்தன. கடைசியில் 1866-இல் லேடிக் என்பவர் ஒரு மீனின் துடுப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதன் தோலுக்குள் சிறு கொப்புளங்கள் இருக்கக் கண்டார். கொப்புளத்துக்குள் இருந்தது மட்டிக் குஞ்சு. ராத்கே அடியோடு தவறவுமில்லை என்று இப்போது தெரிந்தது. ஒட்டுண்ணி என்றது சரி. ஆனால் ஒட்டுவது தாயின் மேல் அல்ல, மீனின் மேல்!

மட்டியின் பிள்ளைப் பிராயம் இப்படித்தான் கழிகிறது. ஆண் மட்டி தன் விந்தை ஜலத்தில் விட்டுவிடுகிறது. பெண் மட்டி சுவாசிக்கும் ஜலத்தோடு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுவாசத்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள செவுளே இப்பொழுது தொட்டிலாகவும் மாறுகிறது. அதில் முட்டைகள் லட்சக்கணக்கில் வளர்ந்து, மணலை விடச் சிறிய குஞ்சுகளாகித் தாயின் பின்வாசல் வழியே வெளியேறுகின்றன. குஞ்சுக்கு இரண்டு ஓடும், அவற்றை இழுத்து மூட ஒரு தசையும் உண்டு. ஏதாவது மீன் அருகில் வந்து பட்டதும் ஓட்டைப் படீரென்று மூடிக்கொண்டு பற்றிக்கொள்கிறது. கொக்கி உள்ள இனங்கள் துடுப்பிலும் தோலிலும் பிடிக்கும். கொக்கி இல்லாதவை மீன் சுவாசிக்கும்போது உள்ளே போய்ச் செவுளில் பிடிக்கும். சில மணி நேரத்துக்குள் மீனின் தோல் வளர்ந்து குஞ்சை மூடிவிடுகிறது. அந்தச் சிறு அறைக்குள் மீனின் சத்தைச் சிறிது சிறிதாக உண்டு, குஞ்சு உருமாறுகிறது. உஷ்ணமான ஜலத்தில் இதற்குச் சில வாரம் போதும். குளிர் தேசத்து நதிகளில் பத்து மாதம்கூட ஆகும். பிறகு கொப்புளம் வெடிக்க, நகத்தின் நுனியில் வைத்தாலும் தெரியாத ஒரு மட்டி, மீனை விட்டு இறங்கி அடிமண்ணில் புகுகிறது. அது முதல் அது யாரையும் அண்டி வாழ்வதில்லை. மீனுக்கும் இந்தப் பயணியினால் பெரிய நஷ்டமில்லை.

மீன் கிடைக்காத குஞ்சு சில நாளில் இறந்துபோம். கிடைத்தும் பொருத்தமில்லாத மீனாயிருந்தால், அதன் உடம்பு குஞ்சைத் தள்ளிவிடும். எல்லா மீனும் எல்லா மட்டிக்கும் ஆகாது. மாப்பிள்ளைக்குப் பெண் தேடுவதைப் போல, இதிலும் ஜாதகம் பொருந்த வேண்டியிருக்கிறது. லட்சம் குஞ்சு வெளிவந்து ஒன்றிரண்டு பிழைத்து வளர்ந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

அமெரிக்காவில் லாம்ப்சிலிஸ் என்னும் மட்டியின் தாய் ஒரு தந்திரம் செய்கிறாள். தன் உடம்பின் விளிம்புத் தோலையே சிறு மீனின் உருவில், கண்ணும் வாலும் உள்ளதாக வளர்த்து, ஜலத்தில் அதை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இரை என்று எண்ணிப் பெரிய மீன் ஒன்று பாய்ந்து கவ்வியதும், அதன் வாய் நிறையத் தன் பிள்ளைகளை ஊதிவிடுகிறாள். மட்டிக்குக் கண் கிடையாது. தான் செய்து வைத்திருக்கும் பொம்மை மீனை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை!

இந்த விஷயத்தில் நம் நாட்டார் சும்மா இருந்துவிடவில்லை. 1916-இல் கல்கத்தாவில் இந்தியப் பிராணி நூல் ஆராய்ச்சி இலாகா ஏற்பட்டது. அங்கே பணி புரிந்த டாக்டர் பைனி பிரஷாத் என்பவர், 1918-ஆம் வருஷத்திலேயே இந்திய மட்டிகளின் செவுள் தொட்டிலையும் குளோகிடியத்தையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னால் அந்த இலாகாவுக்கே தலைவராகவும் இருந்தவர். மட்டியோடு நிற்காமல் மொகலாய சரித்திர நூல்களின் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். இத்தகைய மனிதரின் பெயர் நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஒரு வரிகூட இடம் பெறவில்லை என்பதை நினைத்தால் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது குளத்தூர்க் கிழவி சொன்னதைத் திரும்பப் பாருங்கள். மட்டி புதுத் தண்ணியோடு வரும் என்றாள் அல்லவா? ஐப்பசி மழையில் மேலே உள்ள குளம் நிரம்பிக் கலிங்கு வழிகிறது. அந்த ஜலம் வாய்க்காலில் ஓடிக் கீழே உள்ள கண்மாயில் விழுகிறது. கீழேயிருந்து கெண்டையும் கெளுத்தியும் எதிரேறுகின்றன. மேலேயிருந்து சில அடித்துக்கொண்டு வருகின்றன. அவற்றின் செவுளிலும் துடுப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிரயாணிகள், டிக்கெட்டில்லாமல்! மட்டி புதுத் தண்ணியோடுதான் வருகிறது. கிழவி ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள். நடுவே இருக்கும் மீனைச் சொல்லவில்லை.

ஆகவே, மட்டிக்கு வேண்டியது ஜலம் மாத்திரம் அல்ல. மீன் வேண்டும், அந்த மீன் போய் வர வழியும் வேண்டும். வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிஸ்ஸிஸிப்பி நதி ஒரு பெரிய சாட்சி.

1891-இல் ஜான் பெப்பிள் என்ற ஜெர்மானியத் தொழிலாளி, அந்நதிக் கரையில் அயோவா மாகாணத்து மஸ்கட்டீன் என்னும் ஊரில் மட்டி ஓட்டிலிருந்து சட்டைப் பொத்தான் கடைய ஆரம்பித்தார். தொழில் காட்டுத் தீயாகப் பரவிற்று. 1905-இல் அந்த ஓர் ஊரிலிருந்து மட்டும் சுமார் 150 கோடிப் பொத்தான்கள் வெளிவந்தன. நதிப் படுகையைக் கம்பிக் கொக்கிகளால் வாரி வாரி மட்டியை அள்ளினார்கள். சில ஆண்டுகளில் படுகை மொட்டையாயிற்று. அதன் பின் விழித்துக்கொண்ட அமெரிக்க அரசாங்கம், அதே கரையில் ஃபேர்போர்ட் என்னுமிடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டி, மீன்களின் மேல் மட்டிக் குஞ்சை ஒட்டவைத்து ஆற்றில் விட்டுப் பார்த்தது. எந்த மட்டிக்கு எந்த மீன் என்று அந்த நாட்டு நிபுணர்கள் அப்போதே பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அதே நதியில் 1913-இல் கியோகக் என்னுமிடத்தில் மின்சாரத்துக்காக ஓர் அணை எழுந்தது. அந்த நதியில் கருங்காலி மரம் போன்ற கரிய ஓடுடைய ஒரு மட்டி உண்டு. பொத்தான் தொழிலுக்கு மிக உகந்தது. அதன் குஞ்சைச் சுமப்பது ஒரே ஒரு மீன். கடல் பக்கமிருந்து நதியில் ஏறி வரும் ஒரு வகை வெள்ளி மீன். அணை கட்டியதும் அந்த மீனால் மேலே ஏற முடியவில்லை. மேலே இருந்த மட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஜலம் இருந்தது, ஆகாரம் இருந்தது. வருஷந்தோறும் கருவுற்றன, வருஷந்தோறும் லட்சக்கணக்கில் குஞ்சுகளை வெளியிட்டன. அவற்றைச் சுமக்க மீன் வரவில்லை. அந்த மட்டிக்கு ஆயுள் மிகவும் கெட்டி. ஆகையால் அணை கட்டிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே கிழட்டு மட்டிகள் அகப்பட்டுக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள், மட்டி இருக்கிறதே என்று நினைத்தார்கள். இருந்தது உண்மைதான், ஆனால் கிராமத்தில் கிழவர் கிழவிகள் மட்டும் இருந்து, தொட்டில் ஆடும் வீடு ஒன்றுகூட இல்லாத மாதிரி இருந்தது.

ஐரோப்பாவில் நூறு பிராயத்துக்கு மேல் வாழும் முத்து மட்டிக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அதன் குஞ்சைச் சுமப்பவை சால்மன், டிரவுட் என்னும் மீன்கள். பிரிட்டனில் 1998 முதல் அதைத் தொடுவதே சட்டப்படி குற்றம். ஆயினும் பல நதிகளில் குஞ்சுகளைக் காணோம்.

நம் நாட்டிலும் அபாயத்தில் உள்ள மட்டிகள் இருக்கின்றன. கர்நாடகத்தில் துங்கை, பத்திரை நதிகளின் பாறைகளில் கடற்சிப்பி போல ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு விசித்திர மட்டி உண்டு. 1898-இல் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அதைப் பற்றி முதலில் எழுதினார். சூடோமுல்லேரியா டாலியி என்று பெயர். வாலிபத்தில் நகர்ந்து, பின்பு ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து ஒட்டிக்கொண்டால், ஆயுள் முழுதும் அங்கேதான். கிருஷ்ணா நதிப் படுகையில் மற்றொன்று, ஆர்க்கிடாப்சிஸ் ஃபூட்டியி. 1863-இல் சென்னைக்கருகே பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் பெயரை அது தாங்கியிருக்கிறது. இரண்டுமே சர்வதேசச் செந்நூலில் அழிவின் விளிம்பிலுள்ளவை என்று குறிக்கப்பட்டவை. அணைகளும், மணல் கொள்ளையும், ஆலைக் கழிவும் காரணம்.

குளத்தூர் மட்டிக்கு அந்தப் பட்டம் இன்னும் வரவில்லை. இந்தியா முழுதும் பரவியுள்ள இனம் ஆகையால், செந்நூலார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அது நியாயமே. ஆனால் ஓர் இனம் தேசத்தில் இருப்பது வேறு. ஓர் ஊர்க் கண்மாயில் இருப்பது வேறு. நம் ஊர்க் கிணறு வற்றினால், கங்கையில் வெள்ளம் ஓடுகிறது என்று யாரும் ஆறுதல் அடைவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள் உண்டு. வற்றாத நதி ஒன்றுமில்லாத பூமி அது. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஆறு. அதனால் அங்கே ஒவ்வொரு சொட்டையும் பிடித்து வைக்கும் வித்தையை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். கண்மாய்களின் உள்வாயில் இரண்டு கல்தூண்களுடன் நிற்கும் குமிழிகளைப் பார்த்தால் இது விளங்கும். சோழர் காலத்துச் சாசனம் பொறித்த குமிழிகள் பலவுண்டு. இந்தக் குளங்கள் தனித் தனிக் கிண்ணங்களல்ல. ஒன்றின் கலிங்கு மற்றொன்றின் வாய்க்கால். மாலையில் பூக்களைத் தொடுத்த மாதிரி தொடுத்து வைத்தார்கள். 1948-இல் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்த பிறகும் குளங்கள் இருந்தன. அவற்றைத் தொடுத்த நார்தான் ஆங்காங்கே அறுந்து போயிற்று. வாய்க்காலில் வீடு முளைத்தது. சீமைக் கருவேல் முளைத்தது. மேட்டு நிலங்களில் தைலமரம் வைத்த பிறகு மழை ஜலம் முன்போல் இறங்கி வருவதில்லை என்று குடியானவர்கள் வெகுநாளாக முறையிட்டு வருகிறார்கள்.

2017 முதல் அரசாங்கத்தார் குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாட்டை மீண்டும் தொடங்கினார்கள். ஊராரே கூடித் தங்கள் குளத்தைப் பழுது பார்ப்பது எத்தனை நல்ல காரியம் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு செய்த வேலையை இப்போது ஜே.சி.பி. யந்திரம் இரண்டு நாளில் முடித்துவிடுகிறது. அது வண்டலை மாத்திரம் அள்ளுவதில்லை; கோடை வெயிலுக்குப் பயந்து ஈரச் சேற்றில் புதைந்து, ஓட்டை மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும் மட்டிகளையும் சேர்த்து அள்ளி லாரியில் ஏற்றிவிடுகிறது. வண்டல் வயலுக்குப் போகிறது. மட்டி வெயிலில் வாய் திறந்து கிடக்கிறது. வாய்க்கால் சரியாக இருந்தால் இதனாலும் பெரிய மோசமில்லை. அடுத்த மழையில் மேல் குளத்து மீன் புதுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வாய்க்காலைத் தூர்ந்தபடியே விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் ஆழமாகத் தோண்டினால்தான் ஆபத்து.

மீன் விஷயத்திலும் ஒரு வார்த்தை. 1952-இல் நம் நாட்டுக்கு வந்த ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை இன்று நம் குளங்களில் ராஜ்யம் நடத்துகிறது. குத்தகைதாரர்கள் கட்லாவும் ரோகுவும் வாங்கி விடுகிறார்கள். மீன் பெருகினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முன்பே சொன்னபடி, எல்லா மீனும் எல்லா மட்டிக்கும் ஆகாது. மிஸ்ஸிஸிப்பி மட்டிகளுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்த ஜாதகக் குறிப்பு, நம் மட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றளவும் எழுதப்படவில்லை. இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு கண்ணாடித் தொட்டி, நாலு வகை நாட்டு மீன், கருவுற்ற மட்டி ஒன்று, பொறுமையுள்ள ஒரு மாணவன். புதுக்கோட்டையிலுள்ள எந்தக் காலேஜிலும் செய்யக்கூடிய காரியம்.

திருவிழா முடிந்து ஜனங்கள் கலைந்த பின்பு, உபாத்தியாயரும் நாமும் கிழவியின் பேரனும் அந்தக் கண்மாய்ச் சேற்றில் ஒரு மணி நேரம் தேடினோம். பெரிய மட்டிகளைத் தேட வேண்டியதேயில்லை, காலில் இடறின. நாம் தேடியது குட்டிகளை. கட்டைவிரல் நகத்தளவு இருப்பவற்றை. உள்ளங்கை அகல மட்டிகள் ஒரு கூடை நிறைய வந்தன. குட்டி கிடைத்தது இரண்டே இரண்டு. மூன்று பேர் ஒரு மணி நேரம் துழாவியதைக் கொண்டு ஒரு கண்மாயின் ஜாதகத்தைக் கணித்துவிடக் கூடாது. சிறியவை ஆழத்தில் இருந்திருக்கலாம், நம் கண்ணில் படாமலும் இருந்திருக்கலாம். இருந்தாலும், அந்தக் கண்மாயின் வரத்து வாய்க்கால் ஐந்தாறு வருஷமாக அடைபட்டுக் கிடப்பதாக உபாத்தியாயர் சொன்னது நம் மனத்தை விட்டு அகலவில்லை.

மறு வாரம் அங்கே தூர் வாரும் வேலை தொடங்க இருந்தது. உபாத்தியாயர் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். மதகை ஒட்டி ஓர் ஆழமான மடுவை மட்டும் யந்திரம் தொடாமல் விட்டுவிடுவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வண்டலிலிருந்து மட்டிகளைப் பொறுக்கி அதில் கொண்டுவந்து போடுவது என்று ஏற்பாடாயிற்று. பெரியவர்களில் ஒருவர், “மட்டியை யாரு வாத்தியாரே சாப்பிடப் போறாங்க?” என்று கேட்டுச் சிரித்தாராம். ஆனாலும் மறுக்கவில்லை. கிழவிதான் சற்று முணுமுணுத்தாள். அவளுடைய வாத்துகளுக்கு ஒரு கூடை ஒதுக்கிக் கொடுத்த பிறகு சமாதானமானாள். பேரன் அந்த இரண்டு குட்டி மட்டிகளையும் தானே மடுவில் விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அப்படியே விட்டான்.

தை மாதத்தில் உபாத்தியாயரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. மழை சுமார்தானாம், கண்மாய் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறதாம். மடுவில் போட்ட மட்டிகள் பிழைத்திருக்கின்றன. பிள்ளைகள் போய்ப் பார்த்து எண்ணிக்கொண்டு வந்தார்களாம். மேல் குளம் இந்த வருஷமும் கலிங்கு வழியவில்லை. வாய்க்காலில் பாதி தூரம் வரை வெட்டியாயிற்று; மீதிப் பாதி ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் போவதாகச் சொல்கிறார்கள்; மனுக் கொடுத்திருக்கிறோம், பங்குனியில் சர்வேயர் வருகிறார் என்று எழுதியிருக்கிறார்.